சர்வர் நின்றால் கடை நிற்கலாமா?

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. காலை பதினொரு மணி. எங்கள் மளிகை மொத்தக் கடையில் மூன்று கவுண்டரிலும் கூட்டம். வெளியே இரண்டு மினி லாரிகள் சரக்கு ஏற்றக் காத்து நிற்கின்றன. அந்த நேரம் பார்த்து மூன்று கவுண்டரிலும் பில் போடும் திரை அப்படியே நின்றுவிட்டது. உள் அறைக்கு ஓடிப் போய் சர்வரைப் பார்த்தோம். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் கணக்கு திறக்க மறுக்கிறது.

அந்த சர்வரில் இரண்டு டிஸ்க் உண்டு. ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று சொல்லித்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் டிஸ்க் போய் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது போன அன்றைக்கு சர்வர் 'பீப் பீப்' என்று கத்தியிருக்கிறது. காதைத் துளைக்கிறதே என்று கடைப் பையன் ஒருவன் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டான். அன்று முதல் ஒற்றை டிஸ்க்கில்தான் கடை ஓடியிருக்கிறது. இப்போது அதுவும் போய்விட்டது.

"பேக்அப் இருக்கிறது, பயமில்லை" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தானாகவே இன்னொரு டிஸ்க்கில் நகல் ஆகும்படி ஏற்பாடு செய்திருந்தோம். அதைத் திறந்தால் மார்ச் 31 வரைதான் கணக்கு இருக்கிறது! ஏப்ரல் 1 அன்று புதுக் கணக்கு ஆண்டு தொடங்கியபோது பில்லிங் சாப்ட்வேர் புதிதாக ஒரு போல்டரைத் திறந்துகொண்டது. பேக்அப் மட்டும் பழைய போல்டரையே ஒவ்வொரு இரவும் தவறாமல் நகல் எடுத்துக்கொண்டிருந்தது. ஏழு மாதக் கணக்கு போயிற்று. அத்தோடு நானூறு சில்லறைக் கடைகளுக்கு நாங்கள் கொடுத்திருந்த கடன் பாக்கி விவரமும் போயிற்று.

இதில் சர்வர் விற்றவரையோ சாப்ட்வேர்காரரையோ குறை சொல்ல நான் வரவில்லை. தவறு எங்களுடையது. பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் வியாபார நண்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரு நாட்டில் 800 கடைகள் மூடிய கதை

நம்மைப் போன்ற சின்னக் கடைக்குத்தான் இப்படி நடக்கும், பெரிய இடத்தில் நடக்காது என்று எண்ண வேண்டாம். சுவீடன் நாட்டில் 'கூப்' என்பது மிகப் பெரிய மளிகைக் கடைத் தொடர். 2021 ஜூலை 3, சனிக்கிழமை. அன்று அதன் சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவை திறக்க முடியாமல் கிடந்தன. அலமாரிகளில் சரக்கு நிறைந்திருந்தது, வேலையாட்கள் வந்திருந்தார்கள். கல்லா கம்ப்யூட்டர்கள் மட்டும் வேலை செய்யவில்லை.

கூப் நிறுவனத்தை யாரும் நேரடியாகத் தாக்கவில்லை. அவர்களுடைய கல்லா மெஷின்களைத் தூரத்திலிருந்து பராமரிக்க வேறொரு கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனி பயன்படுத்திய சாப்ட்வேர், அமெரிக்காவின் 'கசேயா' நிறுவனத்துடையது. பணம் பறிக்கும் கூட்டம் ஒன்று அந்த சாப்ட்வேருக்குள் புகுந்து, அதன் வழியாக உலகெங்கும் பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறந்துவிட 7 கோடி டாலர் கேட்டது. எங்கோ ஒரு கண்ணி அறுந்தது. இங்கே 800 கடைகளின் கதவு மூடியது.

கூப் எப்படி மீண்டது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். வாடிக்கையாளர் தம் கைபேசியிலேயே பொருளை ஸ்கேன் செய்து பணம் கட்டும் வசதி ஒன்றை அவர்கள் முன்பே வைத்திருந்தார்கள். அது கல்லா மெஷின்களைச் சாராத தனி வழி. அந்த வழியைக் கொண்டு சில கடைகளை முதலில் திறந்தார்கள். மற்றவை அடுத்தடுத்த நாட்களில் திறந்தன. முன்பே ஒரு மாற்று வழி இருந்ததால் அந்தக் கடைகள் பிழைத்தன.

சர்வர் என்றைக்காவது ஒரு நாள் நின்றே தீரும். நிற்காத மெஷின் எங்கும் கிடையாது. சர்வர் நிற்கும் நாளில் கடையும் சேர்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

மெஷினை விட மனிதத் தவறே அதிகம்

எந்நேரமும் நிற்காமல் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்களைச் செய்வதற்கென்றே அமெரிக்காவில் 'டாண்டம்' என்ற கம்பெனி 1974-இல் தொடங்கப்பட்டது. வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் அவர்கள் மெஷின் கொடுத்தார்கள். அதன் உள்ளே முக்கியமான பாகம் எல்லாம் இரண்டு இரண்டு. அங்கே வேலை பார்த்த ஜிம் கிரே என்ற அறிஞர், தங்கள் வாடிக்கையாளர்களின் மெஷின்கள் எதனால் நின்றன என்று ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். மெஷின் பாகம் பழுதானதால் நின்றவை 18 சதவீதம்தான். மின்சாரம், குளிர்சாதனம் போன்ற சுற்றுப்புறக் காரணம் 14 சதவீதம். சாப்ட்வேர் கோளாறு 25 சதவீதம். இயக்குகிறவர், பராமரிக்கிறவர் செய்த தவறு 42 சதவீதம்!

எங்கள் கடையிலும் இதே கதைதான். டிஸ்க் பழுதானது மெஷின் கோளாறு. சத்தத்தை நிறுத்தியதும், பேக்அப் எந்தப் போல்டரை எடுக்கிறது என்று ஏழு மாதம் பார்க்காமல் இருந்ததும் மனிதத் தவறு. ஆகவே விலை உயர்ந்த சர்வர் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு

எந்தச் செலவுக்கும் முன்னால் வரவு செலவு பார்ப்பது நம் வழக்கம். இதற்கும் பார்ப்போம். ஒரு மளிகைக் கடையில் நாள் விற்பனை ரூ.1,20,000 என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம் கடை திறந்திருந்தால் மணிக்கு ரூ.10,000. லாபம் 8 சதவீதம் என்றால் மணிக்கு ரூ.800. ஆறு வேலையாட்களுக்குத் தலைக்கு ரூ.600 கூலி என்றால் மணிக்கு ரூ.300. ஆக, கடை ஒரு மணி நேரம் நின்றால் நஷ்டம் ரூ.1,100. ஒரு நாள் முழுவதும் நின்றால் ரூ.13,200.

இப்போது வேறொரு கணக்கு. அதே கடைக்கு வெளியே நிற்கும் பாக்கி ரூ.6 லட்சம் என்று வையுங்கள். கணக்கு அழிந்து அந்தப் பாக்கி கைக்கு வராமல் போனால், அது 45 நாள் கடையைப் பூட்டி வைத்ததற்குச் சமம்.

இந்த இரண்டு எண்களையும் உங்கள் கடைக்குப் போட்டுப் பாருங்கள். எந்தச் செலவை முதலில் செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும். முதல் செலவு கணக்கைக் காப்பதற்கு. அடுத்தது மின்சாரத்துக்கு. மூன்றாவது மாற்று மெஷினுக்கு. லட்சக்கணக்கில் ஆகும் இரட்டை சர்வர் ஏற்பாடெல்லாம் பல கிளைகள் வைத்திருப்பவர்களுக்கும், ஒரு மணி நேரம் நின்றால் பல்லாயிரம் நஷ்டப்படுகிறவர்களுக்கும்தான்.

சங்கிலியின் கணக்கு

"எங்கள் சர்வர் 99 சதவீதம் ஓடும்" என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். மீதி ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு 87 மணி நேரத்துக்கு மேல். அதாவது மூன்றரை நாளுக்கும் அதிகம். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 99.99 என்றால் 53 நிமிடம்.

பில் போட சர்வர் மட்டும் ஓடினால் போதாது. மின்சாரம், யு.பி.எஸ்., சர்வர், கவுண்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி, சாப்ட்வேர் என ஐந்தும் ஒரே சமயத்தில் ஓட வேண்டும். ஒவ்வொன்றும் 99 சதவீதம் என்றால் ஐந்தும் சேர்ந்து ஓடுவது 95 சதவீதம்தான். அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 18 நாள் நின்றுபோகும். கண்ணி கூடக் கூடச் சங்கிலி பலவீனமாகிறது.

இதற்கு மாற்று, ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் இன்னொன்றை வைப்பது. 99 சதவீதம் ஓடும் பொருள் இரண்டை, ஒன்று நின்றால் மற்றது ஏற்கும்படி வைத்தால் 99.99 சதவீதம் கிடைக்கும். மூன்றரை நாள் என்பது 53 நிமிடமாகக் குறையும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் ஒரே காரணத்தால் விழக்கூடாது. இரண்டு பைகளை ஒரே ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும் என்று சொல்ல முடியுமா? ஆணி பெயர்ந்தால் இரண்டும்தான் கீழே விழும்.

இனி ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்போம்.

மின்சாரம்

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் வரை மின்சாரம் வராது. இது முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் சமாளித்துக்கொள்ளலாம். சொல்லாமல் போய் உடனே திரும்பி வரும் மின்சாரம்தான் ஆபத்து. சர்வர் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கணக்கு கெட்டுப்போகும்.

சாதாரண யு.பி.எஸ்.ஸில் மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாறுவதற்குக் கண நேரம் பிடிக்கும். 'ஆன்லைன் யு.பி.எஸ்.' எப்போதும் தன் வழியாகவே மின்சாரத்தைச் செலுத்துவதால் மாறும் நேரமே கிடையாது. வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் சர்வருக்குப் போகாது. சர்வருக்கு இதுவே நல்லது. யு.பி.எஸ்.ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யு.எஸ்.பி. வயர் போட்டு அதற்குரிய சாப்ட்வேரையும் ஏற்றிவிட்டால், பேட்டரி தீரப் போகும்போது சர்வர் தானாகவே கணக்கை மூடிவிட்டு ஒழுங்காக நிற்கும். பல கடைகளில் அந்த வயர் பிரிக்காத அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

யு.பி.எஸ். பேட்டரி வெப்பத்துக்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொது விதி. தகரக் கூரைக்கு அடியில் பரண் மேல் வைத்துவிட்டு, ஐந்து ஆண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரி மாற்றிய தேதியை யு.பி.எஸ்.ஸின் மேலேயே ஒட்டி வையுங்கள். லேசர் பிரிண்டர், பிரிட்ஜ் ஆகியவற்றை அதே யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்றுவதையும், ஆண்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வர் வைத்திருப்பவர்கள், இரண்டு வயரையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அது ஒரே ஆணிதான்.

வைக்கும் இடம்

நம் கடைகளில் மிளகாய்த் தூள், மாவு, தவிட்டுத் தூசி எல்லாம் காற்றில் மிதக்கும். சர்வரின் விசிறி அதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு சூடேறும். மாதம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் வயர் தப்பாது. வயர்களை பைப்புக்குள் விடுங்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சர்வரும் யு.பி.எஸ்.ஸும் தரையோடு தரையாக இருக்கக் கூடாது. குறைந்தது மார்பளவு உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

இரட்டை டிஸ்க் வேறு, பேக்அப் வேறு

சர்வரில் இரண்டு டிஸ்க் வைத்து இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதுவதை 'ரெய்டு 1' என்பார்கள். கார்பன் தாள் வைத்து எழுதுவது போன்றது இது. ஒரு டிஸ்க் பழுதானாலும் கடை ஓடும். கட்டாயம் தேவையான வசதிதான். ஆனால் மேல் தாளில் தவறாக எழுதினால் கீழ்த் தாளிலும் தவறாகத்தானே விழும்? கணக்குப்பிள்ளை தெரியாமல் ஒரு கணக்கை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். ரெய்டு கடையை ஓட வைக்கும். கணக்கைக் காப்பது பேக்அப்தான்.

பேக்அப்புக்கு உலகெங்கும் சொல்லும் எளிய விதி '3-2-1'. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது. கணக்கு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். நம் கடைக்கு ஏற்றபடி சொன்னால்: சர்வரில் இருப்பது ஒன்று, தினமும் எடுக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று, இணையம் வழியே வெளியூர் சேமிப்பகத்துக்குப் போவது ஒன்று. எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கடையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். சர்வரிலேயே செருகிக் கிடக்கும் டிஸ்க்கையும் வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும்.

வேறு இடத்தில் பிரதி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரிய அரசே அனுபவித்தது. 2025 செப்டம்பர் 26 அன்று, தேஜான் நகரில் இருந்த அரசு கணினி மையத்தில், யு.பி.எஸ். லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. 600-க்கு மேற்பட்ட அரசு கணினிச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் சேமிப்பகம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. அதற்கு வெளியிடத்தில் பிரதி கிடையாது.

இரண்டு லைன், ஒரே பாதை

பில் போட இணையம் தேவைப்படும் சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள் இணையத்துக்கும் இரண்டு வழி வைத்திருப்பார்கள். இங்கேயும் ஆணியைப் பார்க்க வேண்டும்.

2021 பிப்ரவரி 24 அன்று மும்பையின் தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மாலை 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடந்தது. அவர்கள் ஒரே கம்பெனியை நம்பி இருந்தவர்கள் அல்லர். இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பல லைன்கள் வாங்கியிருந்தார்கள். ஆனால் இருவரின் லைன்களிலும் ஒரே நாளில் கோளாறு. சாலையில் நடந்த தோண்டும் வேலைகளே காரணம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. அத்துடன் சேமிப்புச் சாதனமும் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. கோடி கோடியாகச் செலவழிக்கும் இடத்திலேயே இப்படி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

உங்கள் கடைக்கு இரண்டு கம்பெனியின் கேபிள் வருகிறதா? வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். இரண்டும் ஒரே கம்பம் வழியாக வந்தால், ஒரு லாரி இடித்தால் இரண்டும் போகும். ஒன்று கேபிள், மற்றது வேறு கம்பெனியின் சிம் போட்ட பெட்டி என்று வையுங்கள். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடைப்பட்டது நினைவிருக்கும். கல்லாவில் சில்லறை வைத்திருந்த கடைகள் அன்றும் தடையின்றி வியாபாரம் செய்தன.

மாற்று மெஷின் என்னும் ஸ்டெப்னி

லாரியில் ஸ்டெப்னி டயர் இல்லாமல் யாரும் வெளியூர் போவதில்லை. சர்வருக்கும் ஒரு ஸ்டெப்னி வேண்டும். பழைய ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் போதும். அதில் பில்லிங் சாப்ட்வேரை ஏற்றி, முந்தைய இரவின் கணக்கையும் தினமும் அதில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். சர்வர் நின்றால், கவுண்டர் கம்ப்யூட்டர்களை அதன் பக்கம் திருப்பிவிட்டு அரை மணியில் கடையை ஓட்டலாம். அன்று காலை முதல் போட்ட பில்களை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும். சாப்ட்வேர் லைசென்ஸ் மாற்று மெஷினில் செல்லுமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

இதைவிட மேலானது இரண்டு சர்வர்களும் எப்போதும் சேர்ந்தே ஓடி, ஒன்று நின்றால் மற்றது தானாகவே பொறுப்பேற்கும் ஏற்பாடு. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வயர் மட்டும் அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். இரண்டும் முதலாளி ஆகி, ஒரே பில் நம்பரை இரண்டு பேருக்குப் போடும். இதைத் தடுக்க, யார் முதலாளி என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு சிறிய மெஷின் மத்தியஸ்தராக இருக்க வேண்டும். இரட்டை சர்வர் விற்க வருகிறவரிடம் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று. சாப்ட்வேரைப் புதுப்பிப்பதைப் பண்டிகைக்கு முன்னால் செய்யாதீர்கள்; எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. காக்க வந்த சாப்ட்வேரே நிறுத்திவிட்டது. முதலில் ஸ்டெப்னியில் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் கழித்து சர்வரில் போடுங்கள்.

கைப்பில் புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள்

எல்லாமே நின்றாலும் வியாபாரம் நடக்க ஒரு வழி உண்டு. அதுதான் நம் அப்பா காலத்துக் கைப்பில் புத்தகம். ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி பில் எண்கள் வரிசையாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எண் 16 எழுத்துக்களைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எனவே தனி முன்னெழுத்துடன் ஒரு கைப்பில் வரிசையை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் வந்ததும் அதே எண்ணில் கணக்கில் ஏற்றிவிடலாம். இதை ஆடிட்டரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கூடவே, முக்கியச் சரக்குகளின் விலைப்பட்டியலை வாரம் ஒருமுறை தாளில் அச்செடுத்து வையுங்கள். விலை தெரியாமல் கைப்பில் போட முடியாது.

ஈ-வே பில்லை இணையதளத்தில் கைபேசி மூலமே போட முடியும். ஆண்டு வரவு 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். இவற்றின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் சர்வருக்குள் மட்டும் இருந்தால் லாரி வாசலிலேயே நிற்கும். முதலாளியிடம் தனியாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்அப் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி 57. ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும்.

எங்கள் கணக்கு எப்படி மீண்டது?

செத்துப்போன டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினோம். ஒன்றும் தேறவில்லை என்று மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைகளுக்கு நாங்கள் போட்ட பில்கள் மாதாமாதம் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்-1 மூலம் அரசு இணையதளத்தில் இருந்தன. அவற்றை இறக்கி எடுத்தோம். பதிவு இல்லாத சின்னக் கடைகளின் கணக்கு அங்கே கடை வாரியாக இல்லை. லைனுக்குப் போகும் பையன்களின் வசூல் நோட்டும், கடைக்காரர்கள் கையிலிருந்த பில்களும்தான் துணை. பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். நாங்கள் கொடுத்த சரக்கும் அவர் கட்டிய பணமும் தேதி வாரியாக அதில் இருந்தன. "உங்களிடம் இல்லாவிட்டால் என்ன, என்னிடம் இருக்கிறதே" என்றார். பெரும்பாலான பாக்கி அப்படித்தான் தேறியது. இரண்டு கடைகளின் கணக்கு மட்டும் இன்று வரை தீரவில்லை.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியவை எங்கள் கட்டிடத்துக்கு வெளியே, வேறு கைகளில் இருந்த பிரதிகளே.

ஒத்திகை

இப்போது எங்கள் கடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பிற்பகலில், சர்வர் வயரை நானே பிடுங்கிவிடுவேன். ஸ்டெப்னியில் நேற்றைய கணக்கைத் திறந்து முதல் பில் போட எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி வைக்கிறோம். முதல் முறை இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. இப்போது 25 நிமிடத்தில் முடிகிறது. காற்று இருக்கிறதா என்று பார்க்காத ஸ்டெப்னியும், திறந்து பார்க்காத பேக்அப்பும் ஒன்றுதான்.

நண்பர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியவை இவை:

1. பேக்அப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் இதைக் கட்டாயம் மறுபடி செய்யுங்கள்.

2. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

3. சர்வரின் விளக்கு நிறம் மாறினாலோ, சத்தம் வந்தாலோ யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆளின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

4. யு.பி.எஸ். பேட்டரியின் தேதியைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று சோதியுங்கள்.

5. கைப்பில் புத்தகமும் அச்சிட்ட விலைப்பட்டியலும் கல்லாவில் இருக்கட்டும்.

6. பாஸ்வேர்டு, லைசென்ஸ் எண், மெக்கானிக்கின் போன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு சில ஆயிரங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த அனுபவம் எங்களோடு போகட்டும். அடுத்த பண்டிகைக்குள் உங்கள் கடையில் ஒரு ஒத்திகை நடக்கட்டும்.